பாவாவுக்குத் தெரியாத யமுனாராணி

சந்தன வாசனை வந்தால் எனக்கு இன்றும் சாமி ஞாபகம் வராது... கம்ப்யூட்டர் எரர் ஞாபகம்தான் வரும்.

திருத்தணி ஸ்டேஷன் பக்கத்தில், மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். கீழே மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகள் ரயிலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வாசனை ஜன்னல் வழியாக மேலே வரும். மேலே நான், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஃபங்ஷன் புரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வேலையைத் தனியாக எழுதி, பெயர் வைத்துவிட்டு, வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்வது. அதுதான் ஃபங்ஷன். அதுவரைக்கும் சரி. மூன்று பாட மார்க்கைக் கூட்ட ஒன்று எழுதினேன். உள்ளே கூட்டிய விடைக்கு ‘டோட்டல்’ என்று பெயர் வைத்தேன். ஃபங்ஷனுக்கு வெளியே அதே டோட்டலைக் காட்டு என்றால்... அப்படி ஒரு பெயரே கிடையாது என்கிறது!

"சார், மேலயே எழுதிக்கீறேனே... கண்ணு தெரியலயா இதுக்கு?"

"அது உள்ள வச்ச பேரும்மா. அதோட சரி. வெளிய கேட்டா யாருக்குத் தெரியும்? விடையை ரிட்டர்ன்னு போட்டு வெளிய அனுப்பு, அங்க ஒரு பேர் வச்சி வாங்கிக்கோ."

தலையாட்டினேன். ஒரு மண்ணும் புரியவில்லை. ஒரே ஸ்க்ரீன், ஒரே பெயர்... அதெப்படித் தெரியாமல் போகும்?

நைனா வேறு கறாராகச் சொல்லிவிட்டார். "இதுல வேலை வந்தா போ. இல்லன்னா பாவா கடையில குந்திக்கோ." பாவா என்றால் அக்கா வீட்டுக்காரர். கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டிலேயே தங்கி, மலையடிவாரத்தில் பூஜை சாமான் கடை வைத்திருந்தார். தங்கமான மனுஷன். ஆனால் அந்தக் கடையில் உட்கார எனக்குத் துளியும் இஷ்டமில்லை.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டேன். என் போன் டிஸ்ப்ளே உடைந்திருந்ததால் பாவா நம்பரைக் கொடுத்தேன்.

அடுத்த கிருத்திகை. கடையில் நெரிசல். மத்தியானம் டீ கொண்டுபோனேன். பாவா கற்பூரம் மடித்துக்கொண்டே அலுத்துக்கொண்டார்.

"கூட்டம் வந்துகினே கீது, இதுல யாரோ ஒரு அம்மா ரெண்டு தபா போன் பண்ணி உசுர வாங்கிட்டாங்க. யமுனாராணி இருக்காங்களான்னு கேக்குறாங்க. அப்படி யாரும் இல்லீங்க, ராங் நம்பர்னு வச்சிட்டேன்."

டீ கையில் கொட்டியது.

"பாவா... யமுனாராணி நான்தான்!"

"நீ சின்னி இல்ல?"

பிறந்ததிலிருந்து வீட்டில் நான் சின்னிதான். சர்ட்டிபிகேட்டில் இருக்கும் பெயரை அவரிடம் யாருமே சொல்லவில்லை. பொலபொலவென்று அழுதேன். அழுகையின் நடுவே சட்டென்று... அட, டோட்டல்! சின்னி வீட்டுக்குள் வைத்த பெயர். சென்னையில் போய் சின்னி என்றால் யாருக்குத் தெரியும்? பைத்தானில் வெளியே வைத்த பெயராவது ஃபங்ஷனுக்கு உள்ளேயும் தெரியும். எங்கள் வீட்டில் அதுவும் இல்லை!

நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று புரியாமல் பாவா தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

அவர் போனிலிருந்தே திருப்பிக் கூப்பிட்டேன். "நாளைக்குக் காலைல வந்துடுங்க" என்றார் அந்த அம்மா. முதல் ரயில். டெஸ்டில் அதே மாதிரி எரர் ஒன்று வந்தது. ரிட்டர்ன் எழுதினேன். வேலை கிடைத்தது.

பாவாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "இனிமே வீட்டுல யாரும் சின்னின்னு கூப்புடக் கூடாது. யமுனாதான்" என்று எல்லோருக்கும் கண்டிஷன் போட்டுவிட்டார். மாற மாட்டார்கள் என்று நினைத்தேன். மாறிவிட்டார்கள்.

இப்போது ஆபீஸில் புதிதாக வரும் பிள்ளைகள் அதே எரரோடு என்னிடம் வருகிறார்கள். விளக்குகிறேன். என்னைப் போலவே தலையாட்டுகிறார்கள். புரிந்ததா என்று எனக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். என்னவோ போலிருந்தது.

"நைனா... ஒரே ஒரு தபா சின்னின்னு கூப்புடேன்."

நைனா டிவியிலிருந்து திரும்பி, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்ம்மா யமுனா... ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"