முனகல் கேசட்

போன வாரம் என் மகள் செல்பேசியை வாயருகே வைத்துக்கொண்டு ஏதோ ஒரு மெட்டை முனகினாள். நாலைந்து விநாடிதான். என்ன பாட்டு, என்ன படம், யார் பாடியது என்று எல்லாம் திரையில் வந்து விழுந்துவிட்டது. "எப்படிம்மா?" என்று பெருமையாகக் கேட்டாள், ஏதோ அவளே செய்த இயந்திரம் மாதிரி. ஒரு காலத்தில் காரைக்காலில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவள் நான்.

சிரிக்காதீர்கள். பிளஸ் டூ முடித்து, மேலே படிக்க மார்க்கும் இல்லாமல், மாப்பிள்ளையும் அமையாமல் அம்பகரத்தூரில் வீட்டில் இருந்தேன். திருநள்ளாறு ரோட்டில் ஒரு மாடியில் இருந்த ரெக்கார்டிங் கடையில் வேலை கிடைத்தது. முதலாளி சவூதியில் பல வருஷம் இருந்துவிட்டு டபுள் டெக் டேப்போடு ஊர் திரும்பியவர். அவரை நானா என்று கூப்பிடுவோம். அண்ணன் என்று அர்த்தம். "சோகப் பாட்டு லிஸ்ட்ட எங்கிட்ட குடுக்க பொம்பளைங்க கூச்சப்படுறாங்கம்மா. நீ வந்து உக்காரு" என்றார். என் தகுதி அவ்வளவுதான்.

டேப் ஹெட்டைத் துடைக்க ஒரு பாட்டிலில் ஸ்பிரிட் வைத்திருப்போம். இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் பஞ்சால் துடைத்தால், வலிக்கு முன்னால் எனக்கு அந்தக் கடைதான் வந்து நிற்கும்.

பெண்கள் கொண்டுவரும் பட்டியலுக்கு ஒரு முறை இருந்தது. முதல் பக்கம் முழுக்கக் குத்துப்பாட்டும் டூயட்டும். அது பிள்ளைகளுக்கு, வருகிற போகிறவர்களுக்கு. இரண்டாம் பக்கம் முழுக்கச் சோகம், அது தனக்கு. சமையல் முடிந்து, வீடு அடங்கின மதிய நேரத்தில் கேசட்டைத் திருப்பிப் போடுவார்களாம். யார் வீட்டில் என்ன குறை என்பது அந்த இரண்டாம் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். கொஞ்ச நாளில் டாக்டரம்மா மாதிரி மருந்தும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். "இதைவிட அது நல்லாருக்கும்க்கா" என்று. பத்தொன்பது வயதில் என்ன திமிர் பாருங்கள். ஆனால் அன்றைக்குக் கற்றது ஒன்று இன்றும் சரிதான். நல்ல சோகப் பாட்டு வேண்டுமென்றால் ஓடாத படங்களில் தேடுங்கள். பாடகர் விம்மினால் அதை விட்டுவிடுங்கள். அழ வேண்டியது கேட்கிறவர்தான்.

சிலருக்கு மெட்டு மட்டும் நினைவிருக்கும், முதல் வரி தெரியாது. அதற்காகக் கடையில் ஒரு பழைய கேசட் வைத்திருந்தோம். மைக்கில் அவர்களை முனகச் சொல்லிப் பதிவு செய்வோம். கும்பகோணத்தில் பழைய இசைத்தட்டுகள் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் நானா அதைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுவார். அவர் பாட்டைச் சொல்லிவிடுவார். பாட்டு கிடைத்துவிட்டால், கேசட்டை முதலுக்கு ஓட்டி, அடுத்த ஆளின் முனகலை அதன் மேலேயே பதிவு செய்வோம். நானா அதற்கு வைத்த பெயர்தான் முனகல் கேசட்.

வசந்தாக்கா கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் விற்க வருவாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, கையை இரண்டு தரம் கழுவிக்கொண்டுதான் மாடி ஏறுவாள். அவள் வீட்டுக்காரர் செல்வம் அண்ணன் லாஞ்சுக்கென்று தனியாகக் கேசட் வாங்குவார், எல்லாம் ஆட்டம்பாட்டம். "கடலுக்குப் போறப்ப ஒப்பாரி எதுக்குங்க" என்பார். அதனால் சோகமெல்லாம் அக்கா பொறுப்பில் இருந்தது.

அந்த டிசம்பரில் ஒரு நாள் அக்கா ஒரு பாட்டைக் கேட்டாள். கல்யாணத்துக்கு முந்தி ரேடியோவில் ஒரே தடவை கேட்டதாம். மைக்கைக் கையில் கொடுத்தேன். வெட்கப்பட்டு, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் பாடினாள். வார்த்தை தெரியாத இடத்தில் 'ம்' போட்டாள். நடுவில் வரும் வயலினையும் வாயாலேயே வாசித்தாள். மூன்று நிமிஷத்துக்கு மேல் இருக்கும்.

கும்பகோணத்துப் பெரியவர் கண்டுபிடித்துவிட்டார். ஒரு வாரம்கூட ஓடாத படம். வெள்ளிக்கிழமை அக்காவிடம் சொன்னேன். "திங்கக்கெழமை வாங்கக்கா, பதிஞ்சு வைக்கிறேன்." சனிக்கிழமை திருநள்ளாற்று டீச்சர் ஒருவர் வந்தார். வழக்கம்போலக் கேசட்டை முதலுக்கு ஓட்டி, அவர் முனகலைப் பதிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வந்தது.

செல்வம் அண்ணன் கடைக்கு வந்தது இரண்டு மாதம் கழித்து. யாரோ கொடுத்த, அளவு பொருந்தாத சட்டை போட்டிருந்தார். நின்றுகொண்டே பேசினார்.

"வீட்டுல ஒண்ணும் மிஞ்சல தங்கச்சி. ஒரு போட்டாகூட இல்ல. உங்க கடைல மைக்ல பாடுனேன்னு அது சொல்லிச்சு. இருக்குதுங்களா? புள்ள அம்மா கொரலக் கேக்குது."

முனகல் கேசட்டைப் போட்டேன். டீச்சரின் குரல் வந்தது. அவர் பாடினது அக்கா பாடினதைவிடக் கொஞ்சம் நேரம் குறைவு. அது முடிந்ததும் டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் அக்கா. கடைசி வரியின் பாதியை இழுத்து முடித்து, "போதுமா தங்கச்சி?" என்று கேட்டு, ஒரு சிரிப்பு. பத்து விநாடி இருக்குமோ என்னவோ.

அண்ணன் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்ளோதான் பாடுச்சா?"

"அவ்ளோதாண்ணே" என்றேன்.

அவர் கும்பிட்டார். "இதாவது வச்சிருந்தீங்களே."

அக்காவுக்காகப் பதிந்து வைத்திருந்த பாட்டையும் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம் மரியாதைக்குக் கேட்டார். "நல்லாதான் பாடுறாங்க" என்று சொல்லி அதை மேஜையிலேயே வைத்துவிட்டு, முனகல் கேசட்டை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

திரும்பவும் கடலுக்குப் போக ஆரம்பித்தபோது எனக்கு மீன் கொண்டுவந்து கொடுத்தார். பிணம் தின்ற மீன் என்று ஊரில் பலர் பயந்து வாங்காமல் இருந்த சமயம் அது. அம்மா ஆசையாகக் குழம்பு வைத்தாள். நான் மோர் ஊற்றிக்கொண்டேன். அழித்துவிட்டேன் அண்ணே என்று சொல்லிவிட ஒவ்வொரு முறையும் நினைப்பேன். "வாங்கண்ணே" என்பேன், அதோடு சரி.

பிறகு சீடி வந்தது, கடை படுத்தது. நானா காலமாகி வருஷங்கள் ஆயிற்று. டபுள் டெக்கை எடைக்குப் போட்டதாகக் கேள்வி. அந்த மாடியில் இப்போது செல்பேசி உறை விற்கிறார்கள். செல்வம் அண்ணன் பிள்ளையோடு கேரளாப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். எங்கே என்று தெரியவில்லை; உண்மையைச் சொல்ல இனி ஆளும் இல்லை.

அவர் விட்டுப்போன பாட்டைக் கடை மூடும்வரை தினமும் போட்டுக் கேட்டேன். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை என்று அப்போது நினைத்தேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. அந்த மூன்று நிமிஷத்தை அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டது உலகத்தில் நான் ஒருத்திதான். இப்போது கண்ணை மூடி நினைத்துப் பார்க்கிறேன். அக்காவின் முகம் வருகிறது, வாய் அசைகிறது, ஆனால் வருவது சினிமாப் பாடகியின் குரல்.