பொட்டு வைத்த லேப்டாப்

குழந்தை பிறந்த பிறகும் என் வேலை என்னிடமே இருந்ததற்கு ஒரு பழைய லேப்டாப்தான் காரணம். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்கு ஆவணம் தயாரிக்கும் அலுவலகம் எங்களுடையது. எல்லாமே பிரவுசரில் நடப்பதால் வீட்டிலிருந்து பார்க்க விட்டிருந்தார்கள். அந்த லேப்டாப் படுத்த படுக்கையாகிவிட்டது. ஒரு பக்கம் திறப்பதற்குள் பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்துவிடலாம்.

"திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா ஆபீசுக்கு வந்திருங்க" என்றார் மேலாளர். கைப்பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவேன்? வேலையை விடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டால் பழைய மிஷினும் ஓடும் என்று சொல்லி, கூட வேலை பார்ப்பவள் அதை ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தனுப்பினாள். சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். வேண்டிய கோப்புகளை மெயிலில் போட்டு வைத்தேன். பென்டிரைவைச் செருகி ஆன் செய்தால், திரையில் வந்த பட்டியலில் அதைக் காணோம். திரும்பத் திரும்பச் செய்தும் அதே கதைதான். பென்டிரைவ் செருக இருந்த இரண்டு துளைகளில் ஒன்று உப்புக்காற்றில் துருவேறி எப்போதோ செத்துவிட்டது. மிச்சமிருந்ததும் போயிற்றா என்று அழுகை முட்டியது. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். உள்ளே சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன.

எல்லாம் மதினி செய்த வேலை. மதினி என் வீட்டுக்காரரின் அக்கா, உடன்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருப்பவர். கடையில் ஆயுத பூஜையை முடித்த கையோடு எங்கள் வீட்டுப் பூஜைக்கு வந்தவர் இன்னும் ஊர் திரும்பவில்லை.

"மதினி, இதுக்குள்ளயா பொட்டு வச்சீங்க?"

"ஆமா. தொழில் பண்ணுத சாமான்லா. கல்லாப்பெட்டிக்குச் சாவி ஓட்டையில வைக்கமுல்லா, அது மாதிரிதான் வச்சேன்."

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. நான் வேலை பார்ப்பதே உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதுவரை பேசிவிட்டேன். வந்த நாளிலிருந்து, "பிள்ளைய வச்சிக்கிட்டு எதுக்குளா இந்தப் பாடு?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தது மனதுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

மதினி விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, கத்தியால் மெல்லிசாகச் சீவிக் கொடுத்தார். நான் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுரண்டினேன். இடுப்பில் பிள்ளையோடு அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்த முறை பட்டியலில் பென்டிரைவ் வந்தது. மொழி, கீபோர்டு, வைஃபை என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. கடைசியில், பழையது முழுவதும் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டபோது என் கை நின்றுவிட்டது.

"என்னளா யோசிக்க?"

"இதை அமுக்குனா உள்ள இருக்கது எல்லாம் போயிரும், மதினி."

"வேண்டியத எடுத்து வச்சிட்டல்லா. அமுக்கு."

அமுக்கினேன். மதியச் சோற்றுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. பிரவுசரைத் தொட்டதும் திறந்தது. இந்த லினக்ஸை உட்கார்ந்து செய்து, ஊர் உலகத்துக்கெல்லாம் சும்மா கொடுத்தவர்கள் எந்தத் தேசத்தவர்களோ, அவர்கள் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினேன். பாக்கியிருந்த ஓர் ஆவணத்தைத் தயாரித்து அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் மேலாளரே போன் செய்தார். "டாக்குமெண்ட் வந்துட்டும்மா. அப்ப வீட்டுல இருந்தே பாருங்க."

மதினியிடம் சொன்னேன். உடனே அவர் தன் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டார்.

"ஏங்க, கடையக் கைமாத்தி விட ஆளு பாக்கச் சொன்னேம்லா, அது வேண்டாம். இவளுக்கு வேலை வீட்டுலயே ஓடுது. நான் இங்கன தங்கிப் பிள்ளையப் பாக்க வேண்டியதில்ல. நாளைக்கு பஸ் ஏறுதேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க மதினி" என்றேன்.

"அப்ப கடைய யாருளா பாக்கது?" என்றார்.