ஒரு சொட்டு எண்ணெய்

போன வாரம் தங்கை மகனோடு அவனுடைய மோட்டார் சைக்கிளை சர்வீசுக்கு விடப் போயிருந்தேன். கண்ணாடி அறை, குளிர்ந்த காற்று, பொத்தானை அழுத்தினால் காப்பி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருபது வண்டிகள் வரிசையாக நின்றன. தரை அப்படியொரு வெள்ளை. பழக்கதோஷம், குனிந்து ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றின் கீழும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

"இன்னா மாமா, எதனா விழுந்துடுச்சா?" என்றான் பையன்.

"ஒண்ணும் விழலடா. அதான் யோசனையா இருக்குது."

அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தோன்றியது: ஏகாம்பரம் வீட்டுப் பின்கட்டில் சாக்கு போர்த்திக் கிடக்கும் எங்கள் பழைய வண்டியை மறுபடி உதைத்துப் பார்த்தால் என்ன? எழுபதைத் தாண்டியவனுக்கு வரக்கூடாத எண்ணம்தான். ஆனால் எனக்கு எண்ணம் வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. அங்கேயே அவனுக்குப் போன் போட்டேன்.

'எங்கள்' வண்டி என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எழுபதுகளின் தொடக்கம். நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, வேலைக்கு மனுப் போடுவதையே முழுநேர வேலையாக வைத்திருந்தேன். ஏகாம்பரம் என் பள்ளித் தோழன். பிள்ளையார்பாளையத்தில் சொந்தத் தறி. பட்டாளத்தில் கழித்துப் போட்ட ஒரு மோட்டார் சைக்கிளை இருவரும் சேர்ந்து ஏலத்தில் எடுத்தோம். திங்கள், புதன், வெள்ளி எனக்கு. செவ்வாய், வியாழன், சனி அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து கழுவுவோம். வண்டி நிற்பது என்றும் அவன் வீட்டு வாசலில்தான். எங்கள் வீட்டில் அதன் பெயரைச் சொன்னாலே அப்பா செய்தித்தாளை உயர்த்திக்கொள்வார்.

அந்த வண்டிக்கு ஒரு குணம், நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டும். எத்தனை முறை இறுக்கினாலும் சொட்டும். ஏகாம்பரம் வீட்டு வாசலில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம் விழுந்துவிட்டது. அவன் அம்மா அதைச் சுற்றித்தான் கோலம் போடுவார். "எங்க வூட்டுக்குத் தனியா திருஷ்டிப் பொட்டு வாணாம்பா, அதான் நீங்க ரெண்டு பேரும் வச்சிட்டீங்களே" என்பார்.

அப்போது ஏகாம்பரத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் என்றால் மல்லிகா, ஊர் தென்னேரி. தூரத்து உறவு, தறியை விட்டு நிலத்துக்குப் போன குடும்பம். ஒரு கல்யாணத்தில் அவளைப் பந்தியில் பார்த்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து அவன் தறியில் உட்கார்ந்தால் ஊடை நூல் அறுந்துகொண்டே இருந்தது. தரகர் தென்னேரிக்குப் போய், மாப்பிள்ளையின் தொழில், குணம் எல்லாவற்றுக்கும் முன்னால், "மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கு முந்தின சனிக்கிழமை நான் விழுந்தேன்.

சனி யாருடைய நாள் என்று உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கும் நினைவிருந்தது. ஆனால் அன்று காலையில் அவன் அடுத்த தெருவில் பாவு போட்டுக்கொண்டிருந்தான். நெய்யப் போகிற பட்டு நூலைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, ஆளுக்கொரு பக்கம் நின்று இழை இழையாகப் பிரித்து விடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். எட்டு மணி வரை அவனால் நகர முடியாது என்று கணக்குப் போட்டேன். வண்டியைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போய், திருப்பருத்திக்குன்றம் வரைக்கும் ஒரு சுற்று. கேட்டால் தருவான்தான். கேட்காமல் எடுப்பதில் ஒரு ருசி.

திரும்பும்போது அந்த ருசி தலைக்கேறி, எந்தத் தெருவில் திரும்பினோம் என்பது மறந்துபோயிற்று. முனையைத் திருப்பினேன். எதிரே, தெரு முழுக்க, அரக்குச் சிவப்பில் பாவு மின்னுகிறது. இரண்டு பக்கமும் ஆட்கள். அதில் ஒருவன் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, வீட்டில் நிற்பதாக நினைத்திருந்த தன் வண்டி தன்னை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பிரேக்கை மிதித்தேன். கைப்பிடியை இடது பக்கம் ஒடித்தேன். வண்டி ஒரு வாசற்படிக் கல்லில் மோதிச் சாய்ந்தது. நான் கஞ்சிக் குண்டானில் மோதி, அதையும் கவிழ்த்து, கொட்டிய கஞ்சியிலேயே உட்கார்ந்தேன்.

தெருவே என்னை நோக்கி ஓடி வந்தது. ஓடி வந்து, என்னைத் தாண்டி, பாவைப் போய்ப் பார்த்தது.

"இழை எதனா அறுந்துச்சா?"

"இல்லபா, ஒண்ணும் ஆவல."

"நல்லாப் பாரு, அந்தக் கடைசியில பாரு."

எல்லாம் பார்த்து முடித்த பிறகு ஒரு பெரியவர் திரும்பி, "யாருபா அது கஞ்சியில?" என்றார்.

ஏகாம்பரம் முதலில் பாவைப் பார்த்தான், அப்புறம் வண்டியைப் பார்த்தான், அப்புறம்தான் என்னை. திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "எழுந்திரு" என்றான், அவ்வளவுதான். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

எனக்குச் சேதம் அதிகமில்லை. முழங்காலில் சிராய்ப்பு, இடது மணிக்கட்டில் சுளுக்கு. கஞ்சி வெயிலில் காய்ந்து, சட்டை பலகை மாதிரி விறைத்துக்கொண்டது. அதைக் கழற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஆஸ்பத்திரியில் டிஞ்சர் போட்டு அனுப்பினார்கள். அம்மாவுக்கு அதில் நம்பிக்கையில்லை. முட்டை வெள்ளையும் உளுத்தம்மாவும் குழைத்து, மூங்கில் தப்பை வைத்துக் கட்டுப் போடும் ஒருவரிடம் கூட்டிப்போனார். இரண்டாம் நாளிலிருந்து அந்தக் கட்டின் வாசனைக்கு எங்கள் தெருப் பூனை ஒன்று என்னோடு நடக்க ஆரம்பித்தது. நான் நின்றால் நிற்கும். "இன்னாபா, வண்டி போயி பூனை வந்துடுச்சா? இதுக்கும் லைசன்ஸ் வாங்கணுமா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். இன்றைக்கும் உளுந்து அரைக்கும் வாசனை வந்தால் என் மணிக்கட்டு தானாக ஒரு தரம் சுழன்று பார்த்துக்கொள்ளும்.

வண்டிக்குத்தான் சேதம் அதிகம். ரங்கசாமி குளத்தருகே ஷெட் வைத்திருந்த கரீம் பாய் அதைச் சுற்றி வந்து பார்த்தார். முன் சக்கரம் கோணல், கால்மிதி வளைவு, பெட்ரோல் டாங்கியில் ஒரு பள்ளம். அதையெல்லாம் தட்டிச் சரி பண்ணலாம். எஞ்சின் கவர் இரண்டாக விரிசல் விட்டிருந்தது. எண்ணெய் அத்தனையும் அந்த வாசற்படிக்கே போய்விட்டது.

நான் அந்த ஆறு நாளும் பூனையோடு ஷெட்டில்தான் இருந்தேன். நூலகத்தில் படித்த எஞ்சின் தத்துவத்தை, உள்ளிழுத்தல், அழுத்தல், வெடித்தல், வெளித்தள்ளல் என்று பாய்க்கு விளக்கினேன். மண்ணெண்ணெய்த் தட்டில் நட்டுகளைக் கழுவிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். "நீ சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட் தம்பி. அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனர எடு" என்றார்.

புதன்கிழமை, வேறு கவர் தேடிச் சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளுக்குப் போன ஆள் வெறுங்கையோடு திரும்பினான். இவ்வளவு பழைய வண்டிக்குக் கவர் கிடைக்க மூன்று வாரமாகுமாம். அன்றைக்குத்தான் ஏகாம்பரம் வாயைத் திறந்தான்.

"வர்றவங்க கிட்ட இன்னா சொல்றது? மோட்டார் சைக்கிள்னு சொல்லி ஏமாத்திட்டாங்கன்னு எழுந்து போயிட்டா?"

பாய்தான் வழி சொன்னார். "ஓட வேணாம். நிக்கட்டும். நிக்க வைக்கிறது என் வேலை." விரிசலில் பார் சோப்பைக் குழைத்து அடைத்து, மேலே சில்வர் பெயிண்ட் அடித்தார். டாங்கியின் பள்ளம் சுவர்ப் பக்கம் போகும்படி நிறுத்தச் சொன்னார். உள்ளே ஒரு துளி எண்ணெய் கிடையாது. "மாப்ள மாதிரியே பண்ணிட்டேன். வெளிய பளபள, உள்ள ஒண்ணுமில்ல" என்று ஏகாம்பரத்தின் முதுகில் தட்டினார். அவன் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எனக்கு ஒரு யோசனை. அந்தக் கறுப்பு வட்டம் அசிங்கமாக இருக்கிறதே, வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சீயக்காய்த் தூளும் மணலும் போட்டு, ஒற்றைக் கையால் அரைமணி நேரம் தேய்த்து, வட்டம் இருந்த இடமே தெரியாமல் எடுத்தேன். ஏகாம்பரத்தின் அம்மா அதன்மேல் முதல் முறையாக முழுக் கோலம் போட்டார். அதன் நடுவில் வண்டியை நிறுத்தினோம். என் புத்திசாலித்தனத்தை நானே நின்று ரசித்தேன்.

பெண்ணின் அப்பாவும், அவருடைய தங்கை செங்கம்மாளும் வந்தார்கள். அவர் உள்ளே போய்க் கேசரி முன்னால் உட்கார்ந்தார். அந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். வண்டியைப் பார்த்தார், என் கட்டைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார். அப்புறம் சேலையைச் செருகிக்கொண்டு குந்தி, எஞ்சினுக்கு அடியில் விரலை விட்டுத் தடவினார்.

"தம்பி, இது ஓடற வண்டியா, நிக்கிற வண்டியா?"

"ஓடற வண்டிதான் அத்தை. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். முதல்ல உள்ளிழுத்தல்..."

"எங்க கெணத்து மேட்டுல ஆயில் எஞ்சின் கீது. நான்தான் சுத்தி வுடுவேன். எஞ்சின்னு இருந்தா ஒழுவும் கண்ணு. இங்க கோலம் கூட கலையல." விரலை முகர்ந்து பார்த்தார். "சோப்பு வாசனை வேற வருது."

பொய் சொல்லத்தான் நினைத்தேன், சத்தியமாக. வாய்தான் வேறு பக்கம் போயிற்று. "அத்தை, நான்தான் கேக்காம எடுத்துக்கினு போயி விழுந்துட்டேன். அவன் மேல தப்பில்ல. மூணே வாரத்துல ஓடும். பொண்ணு இல்லேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். நான் ஜன்னலுக்கு ஓடினேன்.

"அண்ணே, நீ வர்ற வழியெல்லாம் பயந்துக்கினு வந்தியே, அந்த வண்டி ஓடாது. சோப்பு போட்டு ஒட்டி வச்சிக்கீறாங்க. பொண்ண தாராளமா குடு."

பெண்ணின் அப்பா முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "அந்த சத்தத்துக்கு எங்க மாடே மிரளுதுபா, பொண்ண எப்படி ஏத்தி அனுப்புவேன்? இன்னிக்கு வேணாம்னு சொல்லத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். "நெஜமாவா மாப்ள? ஓடாதா?"

மாப்ள! அந்த வார்த்தை விழுந்துவிட்டது. ஏகாம்பரம் ஜன்னல் வழியே என்னைப் பார்த்தான். நாற்பது மைல் வேகத்தில் போகும் தன் வண்டியைப் பற்றி, தன் வாயால், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான்: "ஆமாங்க. ஓடாதுங்க."

சொன்ன வாரக் கணக்குப்படி கவர் வந்தது. கல்யாணமும் ஆயிற்று. மறுவாரம் வண்டியை அவன் உதைத்தபோது மல்லிகா கதவருகே வந்து, "ஓடாதுன்னு சொல்லித்தானே கட்டினீங்க?" என்று கேட்டுவிட்டு, பின்னால் ஏறி உட்கார்ந்தாளாம். இன்றுவரை அவர்களுக்குள் சண்டை வந்தால் ஏகாம்பரம் என்னைத்தான் கூப்பிடுவான். "உன்னாலதாண்டா எனக்குக் கல்யாணம் ஆச்சு." அதை அவன் எந்தக் குரலில் சொல்வான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கரீம் பாயின் ஷெட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அங்கேயும் ஒரு கண்ணாடி. பழுது பார்ப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கே பாடம் நடத்த முடியாது. கறுப்பு வட்டம் இருந்த வாசலில் டைல்ஸ் போட்டாயிற்று. நான் விழுந்த தெருவில் பாவு இழுக்க இடமில்லை. இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. இப்போது நான் அங்கே விழுந்தால் முதலில் என்னைத்தான் தூக்குவார்கள். அதை நினைத்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

நேற்று சாக்கை எடுத்தோம். வண்டிக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. துடைத்து, எஞ்சினில் புது எண்ணெய் ஊற்றினோம். மல்லிகா பழைய செய்தித்தாளைக் கொண்டுவந்து வண்டிக்கு அடியில் விரித்து, "நாளைக்குக் காலையில வந்து பாருங்க அண்ணே. ஒரு சொட்டாவது விழுந்திருந்தா உதைங்க. விழலேன்னா மூடி வச்சிட்டு டிபன் சாப்பிடுங்க" என்றாள்.

இப்போது மணி ஆறேகால். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருக்கிறேன். விழுந்திருந்தால், தென்னேரி ஏரிக்கரை வரைக்கும். இன்று சனிக்கிழமை, அவன்தான் ஓட்டுவான்.