யாரையும் கேட்காமல் ஓடியவர்

அவர் வருவதற்கு முன்னால் அவருடைய காலடிச் சத்தம் வரும். மார்கழிப் பனியில் முந்திரித் தோப்புப் பக்கம் எதுவுமே தெரியாது. நாங்கள் ஏழெட்டுப் பேர் கான்வாஸ் ஷூவின் கயிற்றை இறுக்கிக்கொண்டு நிற்போம். செம்மண்ணில் வெறுங்கால் பதிகிற மெத்தென்ற சத்தம் கேட்டதும், "மாமா வந்தாச்சுங்க" என்பார் கோயம்புத்தூர்க்கார ஃபிட்டர். பிறகுதான் பனிக்குள்ளிருந்து ஒரு காக்கி அரைக்கால் சட்டையும் தலையில் சுற்றிய துண்டும் வெளியே வரும். எண்பதை நெருங்கும் எனக்கு இன்றும் சில விடியற்காலைகளில் அந்தச் சத்தம் கேட்கிறது. எழுந்து ஜன்னலைத் திறந்து பார்க்கிறேன். வடலூர் சாலையில் பால் வண்டி போய்க்கொண்டிருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் நான் நெய்வேலியில் சுரங்கத்து இளநிலைப் பொறியாளன். அந்த ஊரில் எங்களுக்கு எல்லாமே கொடுக்கப்பட்டது. குவார்ட்டர்ஸ், தண்ணீர், விளக்கு, பள்ளிக்கூடம், வாசலில் நிற்கும் வேப்பமரம் வரைக்கும். குழாய் ஒழுகினால்கூட எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்போம். கையில் ரெஞ்சு பிடித்தே பிழைப்பவர்களும் அப்படித்தான் காத்திருந்தார்கள். அந்த ஊரில் நாங்களாக உண்டாக்கிக்கொண்ட ஒரே காரியம் இந்த ஓட்டம். அதற்குத் தலைவர் கிடையாது. எங்கள் குடியிருப்பின் பிளாக் சாலை முடிகிற இடத்திலிருந்து தோப்பு வழியாகப் போய்த் திரும்புவோம். வழியிலிருந்த முள்ளை நாங்களே வெட்டினோம். திரும்பும் இடத்தில் ஒரு மண்பானை வைத்தோம்; முதலில் வருகிறவர் தண்ணீர் நிரப்ப வேண்டும். ஒருவருக்கு மூச்சு வாங்கினால் எல்லோரும் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஓட்டத்தில் யாரும் யாரையும் சார் என்று கூப்பிடக் கூடாது.

எல்லோரையும் மாப்ள என்று கூப்பிட்டதால் அவர் எங்களுக்கு மாமா ஆனார். கான்ட்ராக்ட் ஆள். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரிப் போடுகிற வேலை. சுரங்கத்துக்காகத் தோண்டிய பள்ளத்தில் போன வீடு நிலங்களில் அவருடையதும் உண்டு. "எல்லாரும் வூட்ட நிமுந்து பாப்பாங்க. எங்க வூட்ட பாக்கணும்னா குனிஞ்சிதான் பாக்கணும் மாப்ள" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்தால் பக்கத்தில் வந்துவிடுவார். "இன்னா மாப்ள, ராத்திரி கறிக்கொழம்பா? வயிறு முன்னாடி ஓடிகினு கீது, நீ பின்னாடி வர்ற." தினமும் வேலைக்குத் தோப்புக்கு அப்பாலிருந்து நடந்தே வருகிறவர், எதற்காக அதற்கு முன்னால் ஓடவும் வேண்டும் என்று ஃபிட்டர் ஒருமுறை கேட்டார். "வேலைல ஒண்ணுக்குப் போவணும்னாகூட மேஸ்திரிய கேட்டுகினுதான் போவணும். இது ஒண்ணுதான் மாப்ள, எவனையும் கேக்காம செய்யறேன்" என்றார் மாமா.

ஒருநாள் சுரங்கத்துக்குள் என் ஃபோர்மேன் பக்கத்தில் இருக்கும்போது, கரி படிந்த முகத்தோடு அவர் என்னைப் பார்த்து, "மாப்ள, நாளைக்கு நீதான் மொதல்ல வரணும், பானை உன்னுது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபோர்மேன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குள் தங்கிவிட்டது. எனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய நேரம் அது.

அதற்குப் பிறகு நான் செய்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். யாரும் தடுக்காத ஒன்றுக்கு நான் அனுமதி கேட்கப் போனேன். பெரிய அதிகாரி ஒருவரைப் பார்த்து, நாங்கள் காலையில் ஓடுகிறோம், நீங்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும் என்றேன். அவர் மகிழ்ந்து போனார். வெளியாட்கள் யாராவது உண்டா என்று போகிற போக்கில் கேட்டார். இருந்தால் என்ன என்றுகூட அவர் சொல்லியிருக்கலாம். நான் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "இல்ல சார், எல்லாரும் நம்ம பர்மனென்ட் ஆளுங்கதான்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். சொன்ன பொய்யை அதற்குள் உண்மையாக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை பானைக்குப் பக்கத்தில் மாமாவைத் தனியாக நிறுத்தினேன். வெளியாட்கள் வரக்கூடாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள் என்றேன். அவர் வாய் கொப்பளித்த தண்ணீரைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓடறதுக்கா?"

"ஆமா. என் கையில ஒண்ணும் இல்ல."

"நீங்க இன்னாங்க பண்ணுவீங்க. வுடுங்க சார்" என்றார்.

சார் என்ற அந்தச் சொல்லை அதுவரை அவர் வாயில் நான் கேட்டதில்லை. அவர் என்னை நம்பினார். எனக்காக வருத்தப்படவும் செய்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை கடக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதிகாரி வெள்ளை உடையில் வந்து எங்களோடு கொஞ்ச தூரம் மெல்ல ஓடினார். தோப்பு திரும்பும் இடத்தில் அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் வழியில் இல்லை. மரங்களுக்கு அந்தப் பக்கம், மாட்டு வண்டிப் பாதையில் மாமா தனியாக ஓடிக்கொண்டிருந்தார். அது யாருடைய அனுமதியும் வேண்டாத பாதை. எங்களைக் கண்டதும் கையை உயர்த்திச் சிரித்தார். ஃபிட்டரின் கை பாதி எழுந்து, அவர் என் முகத்தைப் பார்த்ததும் தாழ்ந்தது.

"யாரு அது, உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா?" என்றார் அதிகாரி.

"தெரியல சார்" என்றேன். குரலைத் தணித்துக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை. மரங்களுக்கு அந்தப் பக்கம் காலடி நின்றது.

மறுநாள் அந்தப் பாதையிலும் அவர் வரவில்லை. பிறகும் வரவில்லை. கம்பெனியிலிருந்து எங்களுக்குப் புது பனியன் வந்தது. பனியன் போடாதவர்கள் பின்னால் ஓட வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்தது. ஃபிட்டர் நின்றுவிட்டார். பானையை யாரும் நிரப்பவில்லை. அடுத்த பனிக்காலத்தில் நானும் நின்றுவிட்டேன். பதவி உயர்வு கிடைத்தது.

ஒரு வருடம் கழித்து, பெல்ட் பக்கம் போய்ப் புது மேஸ்திரியிடம் அவரைப் பற்றி விசாரித்தேன். "பேரு இன்னா சார்?" என்றான். மூன்று வருடம் அவரோடு ஓடியிருக்கிறேன். எனக்குப் பெயர் தெரியாது. ஊரும் தெரியாது. "மாமான்னு கூப்பிடுவோம்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்களுக்குச் சொந்தமா சார்?" என்று கேட்டான்.

இல்லை, சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். இப்போது யாராவது அப்படிக் கேட்டால் ஆமாம் என்று சொல்வேன். கேட்பதற்கு ஆள் இல்லை.