ஸ்மெல் பார்க்கிற வேலை

ஆம்பூரில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, இங்கிலீஷ் டீச்சர் ஒரு நாள் கரும்பலகையில் 'ஸ்மெல்' என்ற சொல்லை எழுதி, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். வகுப்பே ஒரே குரலில் "நாத்தம்!" என்றது. தோல் பதனிடும் டேனரி ஊர்ப் பிள்ளைகள் வேறு என்ன சொல்வோம்? காலையில் ஜன்னலைத் திறந்தால் வெளிச்சத்துக்கு முன்னால் உள்ளே வருவது அதுதான்.

டீச்சர் சிரித்துவிட்டு, அது நல்லதுக்கும் உண்டு, கெட்டதுக்கும் உண்டு என்றார். பூவிலிருந்து வருவதும் ஸ்மெல், பூ அதை வீசுவதும் ஸ்மெல், நாம் அதை முகர்வதும் ஸ்மெல். எனக்குப் பெரிய ஆச்சரியமாகப் போய்விட்டது. நம் வீட்டில் பூவுக்கு வாசனை, எண்ணெய்க்கு வாடை, மீனுக்குக் கவிச்சி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்திருக்கிறோம். இங்கிலீஷ்காரர்கள் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறார்கள்? இப்படி யோசித்துக்கொண்டே கையைத் தூக்கினேன்.

"எங்கப்பாக்கு வேலையே ஸ்மெல் பாக்கறதுதான் டீச்சர்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னது பொய்யில்லை. அப்பா வேலை செய்த டேனரிக்கு உப்புப் போட்ட ஆட்டுத்தோல் லாரியில் வந்து இறங்கும். கட்டுக்கு ஒன்றிரண்டாக எடுத்து விரித்து, மூக்கருகே கொண்டுபோய், நல்ல தோலா, உள்ளுக்குள் கெட்டுப்போனதா என்று அப்பா சொல்வார். அவர் தலையை ஆட்டினால் சரக்கு உள்ளே போகும். உதட்டைப் பிதுக்கினால் மறுபடியும் லாரி ஏறும். அந்த வேலைக்கு அங்கே பெயரே 'ஸ்மெல் பாக்கறது'தான்.

"அப்படின்னா எல்லாரும் வீட்டுல ஒரு பரீட்சை வைங்க" என்றார் டீச்சர். வீட்டில் இருப்பவர்களின் கண்ணைக் கட்டி, ஐந்து பொருளை முகரக் கொடுத்து, மார்க் போட்டு வர வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

ஸ்டூடியோக்காரரிடம் கெஞ்சிக் காலி பிலிம் ரோல் டப்பா ஐந்து வாங்கினேன். மல்லிகைப் பூ, காப்பித்தூள், பெருங்காயம், மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சு, தலைவலித் தைலம் என்று ஒவ்வொன்றிலும் ஒன்றை வைத்து மூடினேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை ஒரு நிமிஷம் நிறுத்தி, கண்ணைக் கட்டிக்கொண்டு, ஐந்துக்கு ஐந்து வாங்கிவிட்டார். அப்பாவுக்குப் பரீட்சையே தேவையில்லை என்று நினைத்தேன். இருந்தாலும் பேருக்காவது வைக்க வேண்டுமே!

துண்டால் அவர் கண்ணைக் கட்டினேன். மண்ணெண்ணெய் டப்பாவை மூக்கருகே வைத்தேன். வெகுநேரம் இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"நீ எந்தப் பக்கம்டா நிக்கிற?" என்றார்.

"அதெல்லாம் எதுக்குப்பா? சொல்லு."

"ம்... வாசனையாத்தான் இருக்குது. மல்லிதானே?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காப்பித்தூளைச் சோப்புத்தூள் என்றார். பெருங்காயத்தை வெல்லம் என்றார். மல்லிகைப் பூவுக்குப் பதிலே இல்லை. தைலத்தை மட்டும் சுருக்கென்று ஏறியதும் கண்டுபிடித்துவிட்டார். ஐந்துக்கு ஒன்று.

அம்மா சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "எத்தினி நாளா இப்பிடி?"

அப்பா துண்டை மெதுவாக அவிழ்த்தார். "ரெண்டு வருசம் இருக்கும். சளின்னு நெனச்சேன். வரவேயில்ல."

"அப்ப வேல?"

"தோல்ல இருக்கற முடிய இழுத்துப் பாப்பேன். கெட்ட தோலா இருந்தா கையோட வந்துடும். அப்பறம் மேஸ்திரி எதிர்லயே நிக்கிறாரில்ல, அவரு மூஞ்சியையும் ஒரு தபா பாத்துக்குவேன்."

மேஸ்திரிதான் அங்கே ஆட்களை வேலைக்குப் பிரித்து விடுகிறவர். அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள். அம்மா என் தோளைப் பிடித்தார். "டேய், அப்பா மார்க்க மாத்திடு. மேஸ்திரி காதுக்குப் போச்சுன்னா சுண்ணாம்புத் தொட்டியில எறக்கிடுவாங்க."

சுண்ணாம்புத் தொட்டி ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன். விரல் இடுக்கெல்லாம் புண்ணாகி, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவார்கள். அழிரப்பரை எடுத்தேன். ஆனால் டீச்சர் உள்ளபடி எழுதச் சொன்னாரே!

அப்பாதான் அழிரப்பரை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். "இருக்கறத எழுதட்டும். நம்மால புள்ள பொய் எழுத வேணாம்."

மறுநாள் வகுப்பில் உரக்க வாசித்தேன். மண்ணெண்ணெய் மல்லிகையான கதையை நடித்தே காட்டினேன். மேஸ்திரி மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டீச்சர் 'குட்' போட்டார். அந்தச் சந்தோஷத்தில் சுண்ணாம்புத் தொட்டி எனக்கு மறந்தே போனது.

சாயங்காலம் வாசலில் மேஸ்திரியின் மொபெட் வந்து நின்றது. அப்பா அவசரமாகச் சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். பின்கட்டு அடுப்பில் சோறு வைத்திருந்த அம்மா அதை அப்படியே விட்டுவிட்டு வந்து கதவோரம் நின்றார்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "எங்கடா உன் டப்பாங்க? எம் பொண்ணு சிரிச்சே பேஜார் பண்றா. எனக்கும் வை பரீட்ச."

எனக்கு ஒரே உற்சாகம். துண்டை இறுக்கிக் கட்டினேன். வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூவாகப் போட்டு நீட்டினேன்.

"இது இன்னாது... மொளகாத்தூளா?"

"இல்ல!"

மண்ணெண்ணெயைப் பன்னீர் என்றார். காப்பித்தூளைக் கடலைமாவு என்றார். பெருங்காயத்தை இரண்டு தடவை முகர்ந்துவிட்டு, டப்பா காலி என்று என்னோடு சண்டைக்கே வந்தார். தைலத்தை மட்டும் சரியாகச் சொன்னார். அவருக்கும் ஐந்துக்கு ஒன்று.

"போச்சு போ! எனக்கும் ஒண்ணுதானா?" துண்டை அவிழ்த்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தார். "இன்னாப்பா, ரெண்டு பேரும் ஒரே கேசுதான். இத்தினி வருசம் அந்தக் கெமிக்கல் பக்கத்துல நின்னா மூக்கு எங்க மிஞ்சும்? தோலுக்கு வெரலு போதும். உன் வெரலு தப்பு சொல்லி நான் பாத்ததில்ல. நாளைக்கு லோடு வருது. நேரத்தோட வந்து சேரு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "சரி மேஸ்திரி" என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேஸ்திரி வாசலில் செருப்பில் காலை நுழைத்தவர், சட்டென்று நின்று முகத்தைச் சுளித்தார். "தங்கச்சி, உள்ள சோறு அடி புடிக்குது பாரு."

அம்மா உள்ளே ஓடினார். அப்பா தலையை நிமிர்த்தி மேஸ்திரியையே பார்த்தார். மேஸ்திரி அவர் பக்கம் திரும்பாமல், மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு மட்டும் கணக்கு இடித்தது. மூக்குக்கு நேராக வைத்த மல்லிகையே தெரியாதவருக்குப் பின்கட்டுச் சோறு எப்படித் தெரிந்தது? நெடுநேரம் நோட்டைப் பார்த்தபடி யோசித்தேன். கடைசியில், கோளாறு டப்பாவில்தான் என்று முடிவு செய்தேன். மறுநாள் காலையில் ஐந்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, மூடிகளைத் தனியாக எடுத்து, வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.