பதினோரு நாள் படங்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் டோனர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பிரிண்டரில் மை தீர்ந்தால், பேப்பர் சிக்கினால், மவுஸ் நகராவிட்டால் அவள் வருவாள். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவள் தாடை இறுகும். நானும் அவளும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் ஸ்கேன் பிரிவில் டெக்னீஷியன்.

மூன்று வருடத்துக்கு முன்பு வரை அவள் பிரிண்டர் பக்கமே போனதில்லை. சர்வர் அறை முழுக்க அவள் கையில் இருந்தது. நாங்கள் எடுக்கும் படங்கள் எல்லாம் போய்ச் சேர்வது ஒரு வெர்ச்சுவல் மெஷினுக்கு. அதற்கென்று தனிப் பெட்டி கிடையாது. பெரிய சர்வர் ஒன்றுக்குள் மென்பொருளால் பிரித்து ஒதுக்கிய கம்ப்யூட்டர் அது. ஒரு நாள் மத்தியானம் அதில் பதினோரு நாள் படங்கள் காணாமல் போயின. பேக்கப்பும் இல்லை. இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர் இரண்டு வாரமாக அதை நிறுத்தி வைத்திருந்தார். நோயாளிகளைத் திரும்பக் கூப்பிட்டு, கெஞ்சி, திட்டு வாங்கி, மறுபடி படம் எடுத்தோம்.

தலைமை டாக்டரம்மா உட்பட ஐந்து பேர் விசாரித்தார்கள். அழித்தது இவளுடைய லாகின் என்று மேனேஜர் சொன்னார். யார் எப்போது நுழைந்து என்ன செய்தார்கள் என்ற பதிவுகளைக் காட்டச் சொன்னாள். "அதையும் சேர்த்துத்தானே அழிச்சிருக்கே" என்றார். அந்த நேரத்தில் அவள் என்னோடு கேண்டீனில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ச் சொன்னேன். "ரெண்டு பேரும் சிநேகிதிங்கதானே" என்று ஒருவர் சிரித்தார். நான் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவே இல்லை.

அவளைப் பிரிண்டர் வேலைக்கு மாற்றிய உத்தரவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். வீட்டில், அப்போது ஏழாவது படித்த மகள், "தெரியாம அழிச்சிருந்தா சொல்லிடும்மா, அப்பா திட்ட மாட்டார்" என்றாளாம். இதை என்னிடம் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். பிறகு அழவில்லை. கறுவ ஆரம்பித்தாள்.

மேனேஜர் அறை பிரிண்டர் அவள் பட்டியலில் எப்போதும் கடைசி. பக்கத்தின் நடுவே கறுப்புக் கோடு விழும் கார்ட்ரிட்ஜ் எங்கே கிடைத்தாலும் பத்திரப்படுத்தி அவர் அறைக்குக் கொண்டுபோவாள். மூன்று வருடத்தில் அவர் கையெழுத்துப் போட்ட எந்தக் காகிதமும் கோடு இல்லாமல் வெளியே போனதில்லை. அவள் கணவர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவர், சாது. "விட்டுத் தொலை, வேற இடம் பாரு" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். "அவர் அங்க இருக்கிற வரைக்கும் நானும் இருப்பேன்" என்பாள்.

போன மாதம் கம்ப்யூட்டர் பிரிவில் விஷயம் தெரிந்த இரண்டு பேரும் அடுத்தடுத்து வேலையை விட்டார்கள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை, நான் அனுப்பிய படம் சேமிக்கப்படாமல் நின்றது. டிஸ்க் நிரம்பிவிட்டது. மேனேஜருக்கு மீட்டிங் நடத்தத் தெரியும், இது தெரியாது. பழைய கார்ட்ரிட்ஜ்கள் குவிந்து கிடக்கும் அவள் அறைக்கு அவரே இறங்கி வந்தார். நானும் கூடப் போயிருந்தேன்.

"படம் சேமிக்கிற மெஷின்ல டிஸ்க்கைப் பெருசாக்கணும். உனக்கு வரும்ல?"

"எனக்கு டோனர் மாத்தத்தான் சார் வரும்."

"பேஷண்ட் எல்லாம் காத்துக்கிட்டிருக்காங்கம்மா."

கையில் ஒட்டிய மைப் பொடியைத் துடைத்தாள். "எனக்கு முழு அனுமதி வேணும். பேப்பர்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க." கொடுத்தார். நடுவில் கோடு விழுந்த காகிதம்தான்.

என் அறையில், எனக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். "ஸ்கேன் மெஷின்லயே சாயங்காலம் வரைக்கும் படம் நிக்கும். நீ பாட்டுக்கு எடுத்துக்கிட்டே இரு" என்றாள். வெர்ச்சுவல் மெஷினின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். டிஸ்க் அளவு எழுதும் கட்டம் வெளிறிப்போய், எண்ணை மாற்ற முடியாமல் கிடந்தது. அவள் கை அப்படியே நின்றது.

"என்ன ஆச்சு?"

"இதுல ஒரு ஸ்னாப்ஷாட் இருக்கு. மெஷின் ஒரு நிமிஷத்துல எப்படி இருந்துச்சோ, அதை அப்படியே பிடிச்சு வெக்கிறது. அதை நீக்காம டிஸ்க்கைப் பெருசாக்க விடாது." தேதியை விரலால் தொட்டுக் காட்டினாள். படங்கள் போன அதே நாள். மத்தியானம் மூன்று பத்து. எடுத்தது மேனேஜரின் லாகின்.

"அழிஞ்சதைத் திருப்பி எடுக்கப் பார்த்திருக்கார். அதுக்கு முன்னாடி பயத்துல இதைப் பிடிச்சு வெச்சிருக்கார்" என்றாள். "திருப்ப முடியல. அப்புறமா பதிவுகளைத் துடைச்சிருக்கார். இது ஒண்ணு இருக்கிறதையே மறந்துட்டார்."

நீக்குவதற்கு முன், அந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து வேறொரு டிஸ்க்கில் தனி மெஷினாக நகல் எடுத்தாள். நெட்வொர்க்கைத் துண்டித்து அதை இயக்கினாள். உள்ளே போகத் தன் பழைய பாஸ்வேர்டை அடித்தாள். திறந்தது. அந்த மெஷினுக்கு இன்னும் அந்தப் பாழாய்ப்போன நாள்தான். அவள் இன்னும் சர்வர் அறைக்காரிதான். துடைக்கப்படாத பதிவில், இரண்டு ஐம்பத்திரண்டுக்கு அவள் பெயரில் யாரோ நுழைந்து படங்களை அழித்திருந்தார்கள். நுழைந்த கம்ப்யூட்டர், மேனேஜர் அறையில் இருப்பது. எல்லோருடைய பாஸ்வேர்டும் நோட்டில் எழுதி அவர் மேஜை டிராயரில் இருக்கவேண்டும் என்பது அப்போது அவர் போட்டிருந்த சட்டம்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். நகலை இரண்டு தனி டிஸ்க்குகளில் பதிந்து, ஒன்றை என் கைப்பையில் போட்டாள். அதன் பிறகுதான் ஸ்னாப்ஷாட்டை நீக்கத் தொடங்கினாள். மூன்று வருடம் ஊதிப் பெருத்தது. கரைய மூன்று மணி நேரம் ஆயிற்று. மேனேஜர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போன் செய்தார். "ஆகிக்கிட்டிருக்கு சார்" என்று ஒவ்வொரு தடவையும் அதே குரலில் சொன்னாள். கட்டத்தில் எண்ணை மாற்ற முடிந்ததும் அளவை இரண்டு மடங்காக்கினாள். மெஷினுக்குள் போய்ப் புது இடத்தைப் பழைய இடத்தோடு சேர்த்தாள். நாலு மணிக்கு என் படங்கள் வரிசையாகப் போய் உட்கார்ந்தன.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "பரவால்லையே. நாளைக்கு வழக்கம்போல பிரிண்டரைப் பாரு."

"சரி சார்" என்றாள்.

வியாழக்கிழமை பத்து மணி. தலைமை டாக்டரம்மாவின் அறையில் அதே ஐந்து பேர். அவர்களே வரவேண்டும் என்று எழுதிக் கேட்டிருந்தாள். டிஸ்க் நிரம்பியது பற்றிய விளக்கம் என்று நினைத்து மேனேஜர் பேனாவும் நோட்டுமாக வந்தார். என்னைச் சாட்சியாகப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் பதிவைப் புரொஜெக்டரில் சுவரில் ஓடவிட்டாள்.

"சார், அந்த வரியை நீங்களே வாசிங்க."

"எழுத்து சரியாத் தெரியல."

"பெருசாக்குறேன்." சுவர் நிறையும் வரை பெரிதாக்கினாள்.

அவர் வாசித்தார். அறை எண் வந்த இடத்தில் நிறுத்தினார். "என் ரூமுக்குள்ள யார் வேணும்னாலும் வந்திருக்கலாம்."

"மூணு பத்துக்கு ஸ்னாப்ஷாட் எடுத்தது உங்க லாகின். அதுவும் யார் வேணும்னாலுமா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நோட்டை மூடினார். "இடம் பத்தல. உள்ள போய் அழிக்க உன் லாகினுக்குத்தான் அனுமதி, அதை எடுத்தேன். பழசை எடுக்கப் போய்ப் புதுசு போயிடுச்சு. வேணும்னு செய்யல. எனக்கும் குடும்பம் இருக்கு."

"எனக்கும் இருந்துச்சு சார்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ரிட்டயர் ஆக ஏழு மாசம்தான் இருக்கு. அவரே ராஜினாமா பண்ணிடட்டும். சத்தமில்லாம முடிச்சுக்கலாமே."

"என் ஆர்டரை போர்டுல ஒட்டினப்போ சத்தமாத்தானே மேடம் இருந்துச்சு."

மறுநாள் அவரை நீக்கிய உத்தரவு, என்ன செய்தார் என்ற விவரத்தோடு, அதே போர்டில் ஏறியது. தன் சாப்பாட்டுப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு அவர் படியிறங்கிப் போனதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. "பாவமா இருக்கு" என்றேன்.

"நீ பாவப்படு. எனக்கு நிறைய வேலை இருக்கு" என்று சொல்லி, திரும்பக் கிடைத்த சர்வர் அறைச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு வாரம் கழித்து மருந்துக் கடை வரிசையில் அவரைப் பார்த்திருக்கிறாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். இவள் திருப்பவில்லை. அவர் மருந்து வாங்காமலே வரிசையை விட்டு விலகும் வரை பார்த்துக்கொண்டே நின்றாளாம். வீட்டில் போய்ச் சொன்னபோது அவள் கணவர் கேட்டிருக்கிறார், "இப்பவாவது போதுமா?"

"இன்னும் இல்ல" என்றாளாம்.