ஜானட் அக்காவின் முதல் விருப்பம்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டேன். எந்தக் கல்லூரி என்று பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லும் முன், இரண்டு வருடங்களுக்கு முன்னால் என் அக்கா ஜானட் எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ராயபுரம் தெருவில் கல்லூரி கிடைப்பதற்கு முன்பே பேனர் வந்துவிட்டது. நீட் மதிப்பெண் தெரிந்த மறுநாளே, பிரிண்டிங் கடை வைத்திருக்கும் வில்சன் மாமா அக்காவின் பள்ளிச் சீருடைப் படத்தில் ஒரு ஸ்டெதாஸ்கோப்பை ஒட்டி, ‘ஸ்டான்லியின் வருங்கால டாக்டர் ஜானட்’ என்று அச்சடித்துத் தெருமுனையில் கட்டினார். அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில், பக்கத்திலிருக்கும் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு இடம் உறுதி என்று எல்லோரும் நம்பினார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் எங்கள் அப்பா கஸ்பார், ஷிப்டுக்குப் போகும்போதெல்லாம் பேனர் அடியில் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பார்.

தெருவுக்கு அக்கா ஏற்கெனவே பாதி டாக்டர். மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்வதும், ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக் கொடுப்பதும், எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போவதும் அவள்தான். யார் கதவைத் தட்டினாலும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துவிடுவாள். முதல் முறை நீட்டில் தவறியது அதனால்தான். அடுத்த வருடம் மாதவரத்தில், சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. மதிப்பெண் வந்தது.

கவுன்சிலிங்கில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதிய வேண்டும். தூத்துக்குடி மருத்துவக் கல்லூரியைத்தான் முதலில் வைப்பேன் என்றாள் அக்கா. அந்த ஊர் பனிமய மாதா கோயில் திருவிழாவுக்குப் போனபோது அந்தக் கல்லூரியைப் பார்த்திருக்கிறாள். அங்கே படிக்கும் மகிழினி என்ற மாணவியிடம் விடுதி, நூலகம், வார்டு என்று எல்லாம் விசாரித்தும் வைத்திருந்தாள். வில்சன் மாமா, பேனரையும் ரயிலில் ஏற்றிவிடவா என்று கேலி செய்தார். அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை.

“நடந்து போற தூரத்துல அம்மாம் பெரிய காலேஜ் கீது. இன்னா கொற இங்க?”

“கொற ஒண்ணும் இல்ல நைனா. இங்க சேந்தா மொத நாளே என்ன டாக்டராக்கிடுவாங்க. தெருவே பின்னால வரும். எனக்கு முடியாதுன்னு சொல்ல வராது, உனக்கே தெரியும். அங்கயும் ஹார்பரு, மீன்காரங்கதான். ஆனா என்ன யாருக்கும் தெரியாது. நிம்மதியா கத்துக்கினு வரேன்.”

விருப்பப் பட்டியலை இனி மாற்ற முடியாதபடி இணையத்தில் பூட்ட அன்றுதான் கடைசி நாள். அக்கா லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தபோது பக்கத்து வீட்டு தேசப்பன் வாசலில் வந்து நின்றார். சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கணும், ஜானு வருதா என்று கேட்டார். அக்காவின் கை தானாக லேப்டாப்பை மூடப் போனது. அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ குந்து. உன் வேலையப் பாரு,” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார். “வா தேசப்பா, நான் இட்டுகினு போறேன்.”

அவர் திரும்பி வந்தபோது தூத்துக்குடி முதலிடத்தில் பூட்டப்பட்டிருந்தது.

இப்போது அக்கா அங்கே இரண்டாம் ஆண்டு. ஷிப்ட் இல்லாத நாட்களில் அப்பாதான் தெருக்காரர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார். வரிசையில் முன்னே நிற்பவரிடமும் பின்னே நிற்பவரிடமும் மகள் எங்கே படிக்கிறாள் என்று சொல்லாமல் திரும்புவதில்லை. வெளுத்துப்போன பேனர் இன்னும் தெருமுனையில் இருக்கிறது. ‘ஸ்டான்லியின்’ மேல் வில்சன் மாமா ‘தூத்துக்குடியின்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். அப்பா கேட்டுக்கொண்டபடி, அந்த எழுத்து அக்காவின் பெயரைவிடப் பெரியது.